பருந்து மீன் வளர்த்த வேதமுத்து

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணி இருக்கும். உலையிலிருந்து வந்த இரும்பு மாதிரியைச் சோதனைக்காகத் தேய்த்துக்கொண்டிருந்தேன். மேசைமேல் செல்பேசி அதிர்ந்தது. ஸ்டெல்லா. அந்த நேரத்தில் அவள் அழைக்க மாட்டாள். கையுறையைக் கழற்றாமலே எடுத்தேன்.

"சுமதிக்கா, அவரு போய்ட்டாரு" என்றாள். குரலில் அழுகை இல்லை. "காலைல ஃபிட்ஸ் வந்துச்சு. இந்த வாட்டி நிக்கவே இல்லக்கா."

ஸ்டெல்லாவின் கணவர் வேதமுத்துவை நம் ஆலையில் அறியாதவர்கள் குறைவு. பதினாறு வருடம் மேலே ஓடும் கிரேனை ஓட்டியவர். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலைகள் எத்தனையோ இருக்கின்றன; அவ்வளவு சுத்தமாகச் சுமையை இறக்கி வைக்கும் ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. நாற்பத்தேழு வயதில் இறந்துவிட்டார். நம் தொழிலாளர் இதழில் அவரைப் பற்றி எழுதும்படி என்னைக் கேட்டார்கள். உங்களில் சிலர் அவரிடம் அடி வாங்கியவர்கள். சிலர் அவரை அடித்தவர்கள். இரண்டு தரப்பும் படிக்கும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

அனுமதி வாங்கிக்கொண்டு கவரைப்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். தலையின் இடது பக்கத்தில் முடி முளைக்காத அந்தத் தழும்பு தெரியாதபடி யாரோ துண்டைச் சுற்றிவிட்டிருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் ஸ்டெல்லா என் கையைப் பிடித்தாள். கட்டிக்கொண்டு அழுவாள் என்று நினைத்தேன். "அக்கா, மீனுக்கு இன்னும் ஒண்ணும் வெக்கல. அதுக்குப் போடறதுக்குத் தான் அவரு எழுந்தாரு. நீ வெச்சுடு" என்றாள்.

சாவு வீட்டில் நான் முதலில் செய்த காரியம் ஓர் இறாலை எடுத்து உரித்து, பொடிப்பொடியாக நறுக்கியது. கண்ணாடித் தொட்டியின் உச்சிப் பாறையில் அந்த மீன் உட்கார்ந்திருந்தது. என் விரல் நீளம்கூட இல்லாத உடம்பு. வெள்ளையில் துருச் சிவப்புத் திட்டுகள். முதுகுத் துடுப்பின் ஒவ்வொரு முள் நுனியிலும் நூல் பிரிந்தது போல ஒரு சிறு குஞ்சம். தண்ணீருக்குள் துண்டு விழுந்ததும் பாறையிலிருந்து பாய்ந்தது, கவ்வியது, அதே இடத்தில் வந்து உட்கார்ந்தது. பவளப்பாறைகளில் வாழும் மீன். இப்படி உயரத்தில் உட்கார்ந்து கீழே பார்த்துப் பாய்வதால் பருந்து மீன் என்று பெயர். வாசலில் அவருடைய அக்கா ஒப்பாரி வைக்க ஆரம்பித்திருந்தார். நான் இரண்டாவது துண்டைப் போட்டேன்.

வேதமுத்துவை நான் முதன்முதலில் கவனித்தது அவர் ஒருவனின் பல்லை உடைத்த அன்று. ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர் ஒருவர், சங்கிலியில் இரும்புப் பாளங்கள் தொங்கிக்கொண்டிருக்கும்போதே, இறக்கும் இடத்தில் கட்டை வைக்கச் சொல்லி இரண்டு தொழிலாளர்களை அதன் கீழே அனுப்பினார். மேலேயிருந்து வேதமுத்து கிரேனின் எச்சரிக்கைச் சங்கை ஊதினார். அவர்கள் விலகவில்லை, விலகினால் வேலை போய்விடும் என்ற பயம். கிரேன் அப்படியே பின்னால் நகர்ந்தது. காலியாக இருந்த இடத்தில் சுமை மெதுவாக இறங்கியது. பிறகு அவர் இரும்பு ஏணியில் ஒவ்வொரு படியாக இறங்கி, களத்தைக் குறுக்கே நடந்து வந்து, ஒரு வார்த்தை பேசாமல் அந்த மேற்பார்வையாளரின் வாயில் குத்தினார். சோதனைக் கூடத்தின் கண்ணாடி வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரத்தம் சட்டைப் பைவரை வழிந்தது.

விசாரணையில் அவர் சொன்னது ஆலை முழுக்கப் பரவியது. "மொதல்ல லோட எறக்குனேன் சார். அப்பால தான் நான் எறங்குனேன். தொங்கிக்கினு இருக்குற சரக்குக்குக் கீழ மனுசன அனுப்பறவன் கிட்ட இன்னா பேச்சு?" பதினைந்து நாள் தற்காலிக வேலை நீக்கம்.

அந்தப் பதினைந்து நாளில்தான் அந்த மீனை அவர் பார்த்தார். வீட்டில் உட்கார முடியாமல் ரயிலேறி ஊர் சுற்றியவர், கொளத்தூரில் அலங்கார மீன் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவில் போய் நின்றிருக்கிறார். ஒரு கடையில், தனித் தொட்டியில், கல்லின் மேல் உட்கார்ந்து இவரையே பார்த்துக்கொண்டிருந்ததாம் இது. விலை கேட்டதும் கடைக்காரர் தடுத்திருக்கிறார். "அது வேணாம் சார், ரவுடி. மத்தத வாழ உடாது." வேதமுத்து சொன்ன பதில்: "ரவுடின்னா அத்தயே குடு." கடைக்காரர் நல்லவர். வெறும் தொட்டியை வாங்கிப் போய், கடல் உப்புத் தண்ணீரும் பாறையும் போட்டு ஒரு மாதம் ஓட விட்டு, தண்ணீர் பழகிய பிறகு வந்து மீனை எடுத்துக்கொள்ளும்படி சொல்லி அனுப்பினார்.

வேலைக்குத் திரும்பிய முதல் வாரம், ஊறுகாய்ப் புட்டியில் தண்ணீரோடு என் மேசை முன்னால் வந்து நின்றார். நான் ஆலையின் சோதனைக் கூடத்தில் வேதியியலாளர். குளிர்விக்கும் தண்ணீரையும் நான்தான் சோதிப்பேன். பல்லை உடைத்த கை புட்டியைப் பவ்யமாக நீட்டியது.

"மேடம், இதுல உப்பு சரியா கீதான்னு பாத்து சொல்றீங்களா?"

அடர்த்திப் புட்டியில் ஊற்றி எடை போட்டேன். நல்ல தண்ணீரை ஒன்று என்று வைத்தால் பவளப்பாறை மீனுக்கு ஒன்று புள்ளி பூச்சியம் இரண்டு ஐந்து இருக்க வேண்டும். இது ஒன்று புள்ளி பூச்சியம் ஒன்று எட்டு. "இது கடல் தண்ணி இல்ல, ஆத்துத் தண்ணி கலந்த மாதிரி இருக்கு" என்றேன். "அப்போ நம்ம பழவேற்காட்டு ஏரித் தண்ணின்னு சொல்லுங்க" என்று சிரித்தார். அதன்பிறகு ஐந்து வருடம், வாரத்துக்கு ஒரு புட்டி. உப்பு, அமோனியா, அமிலத்தன்மை. நான் சொல்லும் எண்களை வீட்டுச் சுவரில் சாக்பீஸால் எழுதி வைப்பார்.

மீன் வந்து இரண்டு மாதம் ஆனதும் ஸ்டெல்லாவுக்கு ஆசை வந்தது. சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட சிறிய இறால் ஒன்றும், மணலில் குழி பறிக்கும் குட்டி மீன் ஒன்றும் வாங்கி வந்து விட்டார்கள். இறால் பாறையில் இறங்கிய பத்து நிமிடத்தில் பருந்து மீன் மேலேயிருந்து விழுந்தது. கவ்விய இறாலைப் பாறையில் அடித்தது. கால் வேறு, தலை வேறு. மீசை மட்டும் வாய்க்கு வெளியே தொங்கியது. குட்டி மீனை இரண்டு நாள் மூலை மூலையாக விரட்டி, துடுப்பைக் கிழித்து, கடைசியில் ஒரு கண்ணைப் பிடுங்கியது. செத்த மீனைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டெல்லா அழுதிருக்கிறாள். வேதமுத்து வலையை விட்டுப் பருந்து மீனைப் பிடித்து, சிமெண்டுத் தரையில் ஓங்கி எறிந்தார். மிதிப்பதற்குக் காலைத் தூக்கினார். அது தரையில் துள்ளியது. தூக்கிய கால் அப்படியே நின்றது என்று ஸ்டெல்லா சொன்னாள். பிறகு குனிந்து இரண்டு கையாலும் அள்ளித் தண்ணீரில் விட்டாராம்.

மறுநாள் என்னிடம் வந்து சொன்னார். "தப்பு அது மேல இல்ல மேடம். மொதல்ல அதுக்கு எடத்தக் குடுத்துட்டோம். அப்பால சின்னச் சின்னதா ஆளு உட்டா சும்மா உடுமா? அத்த தான் கடைசில உட்டுருக்கணும். நான் உட்ட வரிச தப்பு." இந்த வகை மீனை வளர்ப்பவர்கள் பலரும் நிறையக் காவு கொடுத்த பிறகே கற்கும் பாடம் இது. அவர் இரண்டு உயிரோடு கற்றுக்கொண்டார்.

மற்றவற்றையும் அப்படித்தான் கற்றார். ஒருநாள் காலை தொட்டி காலி. மீன் மூடி இடுக்கு வழியாகத் துள்ளி, எரிவாயு உருளைக்குப் பின்னால் தூசியோடு கிடந்தது. செவுள் இன்னும் அசைந்தது. அன்றே கொசுவலையைச் சட்டம் கட்டி மூடியாக்கினார். சித்திரை வெயிலில் தண்ணீர் சுடாமலிருக்க மேலே மின்விசிறி கட்டினார். விசிறியால் தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது, அதனால் குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீரை ஊற்றக் கூடாது என்று நான் சொன்னபோது நெற்றியில் அடித்துக்கொண்டார். அதுவரை உப்புத் தண்ணீரையே ஊற்றி வந்திருக்கிறார்.

காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை பார்க்கும் ஒரு பொறியாளர் எப்படியோ இவர் எண்ணைப் பிடித்து அழைத்தார். நான் பக்கத்தில் இருந்தேன். தன் பருந்து மீன் நீந்தாமல் நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கிறது, நோயா என்று கேட்டார். "குந்தறது தான் சார் அதோட வேல" என்றார் வேதமுத்து. "மத்த மீனுக்கு வயித்துல காத்துப் பை கீது, மெதக்கும். இதுக்குக் கெடையாது. நீந்தறத நிறுத்துனா கீழ எறங்கிடும். உச்சில ஒரு கல்லு வைங்க, போதும்." துணைக்கு இன்னொன்று வாங்கலாமா என்று அவர் கேட்டிருக்க வேண்டும். "ரெண்டு ஆம்பள மாட்டுனா ஒண்ண ஒண்ணு கிழிச்சிடும் சார். உங்க தொட்டி சின்னது. ஆச வேற, எடம் வேற."

மீன் வளர்த்து அவர் சாந்தமாகிவிட்டார் என்று எழுதினால் அது பொய். தொட்டி வந்த பிறகும் மைத்துனரின் மூக்கை உடைத்தார். கல்யாணமான புதிதில் ஸ்டெல்லாவை இரண்டு முறை அடித்திருக்கிறார். இதை எழுதலாமா என்று நான் அவளிடமே கேட்டேன். "எழுதுக்கா. நல்லவருன்னு மட்டும் எழுதாத. அப்பிடிப் படிச்சா வேற யாரோ செத்துட்ட மாதிரி கீது" என்றாள்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். மூன்று வருடம் முன்பு. ஒரு வாரமாக எல்லார் செல்பேசியிலும் ஒரு குரல் பதிவு சுற்றிக்கொண்டிருந்தது: வடக்கிலிருந்து பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள், யாரையும் நம்பாதீர்கள். நீங்களும் கேட்டீர்கள். எனக்கும் வந்தது. நானும் என் தங்கைக்கு அனுப்பினேன்.

மதியம் இரண்டு மணி. காலை ஷிப்ட் முடிந்து ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். கருவிகளைச் சரிபார்க்கும் வேலைக்காக அன்று நானும் வந்திருந்தேன். பொன்னேரிக்குப் போக, தொழிற்பேட்டைச் சாலையில் பேருந்து நிழற்குடையில் நின்றேன். எதிரே டீக்கடை. அதன் பக்கத்தில் ஒரு சின்னப் பெண் குழந்தை சைக்கிளோடு விழுந்தது. அந்த வழியாக வந்த ஒருவன் குழந்தையைத் தூக்கி நிறுத்தி, முழங்காலில் மண்ணைத் தட்டினான். ஒடிசாவிலிருந்து வந்து நம் பக்கத்து ஆலையில் வேலை பார்த்த திலீப். அன்று அவன் பெயர் யாருக்கும் தெரியாது.

"டேய், கொழந்தையத் தூக்குறான்டா!" என்று யாரோ கத்தினார்கள்.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த வேதமுத்து குவளையை வைத்துவிட்டு எழுந்தார். "இன்னா பேரு? எந்த ஊரு?" என்று கேட்டார். திலீப் பயத்தில் தன் மொழியில் ஏதோ சொன்னான். அடுத்த நொடி வேதமுத்துவின் கை அவன் கன்னத்தில் இறங்கியது. திலீப் சுருண்டு விழுந்தான். அந்த ஓர் அடிக்காகத்தான் காத்திருந்தது போல முப்பது நாற்பது பேர் பாய்ந்தார்கள். இடுப்புப் பெல்ட், செருப்பு, டீக்கடை விறகு. அவன் கையை ஒருவர் மிதித்துக்கொண்டு நிற்க, இன்னொருவர் விலாவில் உதைத்தார். எலும்பு உடையும் சத்தம் சாலைக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. அவன் வாயிலிருந்து இரத்தம் குமிழியாக வந்தது. அடித்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. அரை மணி நேரம் முன்பு என்னிடம் "வரேன் மேடம்" என்று சொல்லிவிட்டு வந்தவர்கள்.

அந்தக் குழந்தை வேதமுத்துவின் சட்டையைப் பிடித்து இழுத்து அழுதது. "மாமா வேணாம்! அந்த மாமா என்னத் தூக்கி உட்டாரு! நான் உயுந்துட்டேன்!"

அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். "நிறுத்துங்கடா! நிறுத்துங்கடா டேய்!" என்று கத்தினார். இரண்டு பேரைப் பிடித்துத் தள்ளினார். யாரும் நிற்கவில்லை. அவர் ஆரம்பித்தது அவர் கையை விட்டுப் போய்விட்டிருந்தது. ஒருவர் லாரியிலிருந்து இரும்புக் கம்பியை உருவிக்கொண்டு வந்தார். வேதமுத்து திலீப்பின் மேல் கவிழ்ந்து விழுந்து, அவன் தலையைத் தன் மார்புக்குள் இழுத்துக்கொண்டார். ஓங்கிய கம்பி நிற்கவில்லை. முதல் அடி முதுகில். இரண்டாவது அடி தலையில். ஆள் தெரியாமல் விழுந்த அடி என்று பிறகு எல்லாரும் சொன்னீர்கள். இரண்டாவது அடிக்கு முன்னால் "டேய், வேதாண்ணன்டா அது!" என்று ஒரு குரல் வந்தது. எனக்குக் கேட்டது. கம்பி வைத்திருந்தவருக்கும் கேட்டிருக்கும்.

பிறகு சாலை காலியாகிவிட்டது. இரண்டு உடம்புகள், அழும் குழந்தை, நான். ஆம்புலன்ஸுக்கு அழைத்தேன். அது வரும்வரை துப்பட்டாவால் அவர் தலையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன்னால் ஒரு கத்தல்கூடப் போடாமல் நிழற்குடையில் நின்றேன் என்பதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

பெரிய மருத்துவமனையில் ஒன்பது நாள் அவருக்கு நினைவில்லை. பத்தாவது நாள் கண் திறந்தார். ஸ்டெல்லா குனிந்து பெயர் சொல்லி அழைத்தாள். அவர் கேட்ட முதல் கேள்வி: "அந்தாளு உசுரோட கீறானா?"

இருந்தான். ஒரு கை எலும்பும் மூன்று விலா எலும்புகளும் முறிந்து, இடது காது கேட்காமல்.

ஆய்வாளர் வாக்குமூலம் வாங்க வந்தபோது நானும் கட்டிலருகே இருந்தேன். கூட்டத்தை விலக்கப் போய்ப் பாவம் அடி வாங்கியவர் என்றுதான் ஆய்வாளர் நினைத்திருந்தார். பேச்சு குழறியது, ஆனாலும் வேதமுத்து தெளிவாகச் சொன்னார்.

"மொத அடி என்னுது சார். எழுதிக்கோங்க. நான் அடிக்கலன்னா அவனுங்க வந்திருக்க மாட்டானுங்க."

"வேற யார் யாரு அடிச்சாங்க? உங்க தலையில அடிச்சது யாரு?"

"என்னுத நான் சொல்ட்டேன். அவங்கவங்களுத அவங்கவங்க வந்து சொல்லட்டும்."

யாரும் போகவில்லை. ஆய்வாளர் என்னிடம் திரும்பினார். "நீங்க எதிர்லயே இருந்தீங்களாமே?" நான் பொன்னேரியில் தனியாக இருக்கிறேன். அதே சாலையில் தினமும் நடக்கிறேன். "பஸ்ஸுக்கு நின்னேன் சார். கூட்டத்துல முகம் ஒண்ணும் தெரியல" என்றேன். வேதமுத்து என்னைப் பார்த்தார்.

மருத்துவமனையிலிருந்து நேராகப் புழல் சிறை. பிணை கிடைக்க ஐந்து வாரம் ஆனது. அந்த ஐந்து வாரமும் வேலை முடிந்ததும் கவரைப்பேட்டையில் இறங்கி, ஸ்டெல்லாவோடு சேர்ந்து தொட்டியைப் பார்த்துக்கொண்டேன். புயல் வந்து ஒன்றரை நாள் மின்சாரம் இல்லாமல் போனது. மோட்டார் நின்றால் தண்ணீரில் காற்று கரையாது. மீன் மூச்சு முட்டிச் சாகும். ஒரு செம்பால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றி, மறுபடி மொண்டு ஊற்றி, நானும் அவளும் முறை போட்டுக்கொண்டோம். தோள் கழன்றுவிடும் போல இருந்தது. நடுவில் ஸ்டெல்லா செம்பைத் தரையில் வீசினாள். "செத்துப் போவட்டுமே! அந்தாளு ஒருத்தன அடிச்சுட்டு உள்ள போயி குந்திக்கினாரு. நான் இதுக்குத் தண்ணி ஊத்திக்கினு கீறேன்!" பிறகு அவளே செம்பைத் தேடி எடுத்தாள்.

வெளியே வந்தவருக்கு வலிப்பு ஆரம்பித்திருந்தது. வலிப்பு உள்ளவரைக் கிரேனில் ஏற்ற முடியாது. பொருள் கிடங்கில் உட்கார வைத்தார்கள். பதினாறு வருடம் எல்லாவற்றையும் மேலிருந்து பார்த்தவர், திருகாணிப் பெட்டிகளுக்கு நடுவே ஸ்டூலில் உட்கார்ந்தார். கோபம் போகவில்லை. ஒருமுறை கிடங்குக் கதவை உதைத்துத் தன் கால்விரலையே உடைத்துக்கொண்டார். ஆனால் அதன்பிறகு அவர் கை ஒரு மனிதர் மேல் பட்டதை நான் பார்க்கவில்லை.

திலீப் தங்கியிருந்த அறைக்கு மூன்று முறை போனார். முதல் முறை கதவே திறக்கவில்லை. இரண்டாம் முறை திலீப் வெளியே வந்து, கையிலிருந்த சூடான டீயை அவர் முகத்தில் ஊற்றினான். மூன்றாம் முறை என்னையும் கூட்டிப்போனார். திலீப் கதவருகே நின்று, "என்ன வேணும்?" என்றான். அவனுக்குத் தமிழ் ஓரளவு வந்திருந்தது.

"ஒண்ணும் வேணாம்பா" என்றார் வேதமுத்து. "கோர்ட்டுல நான் தான் மொதல்ல அடிச்சேன்னு சொல்லிட்டேன். அத்த உங்கிட்டயும் சொல்லணும்."

"தெரியும். கன்னம் என்னோடது" என்று சொல்லிவிட்டுத் திலீப் கதவைச் சாத்தினான். திரும்பி வரும் வழியில் வேதமுத்து சொன்னார்: "அவன் மன்னிக்கணும்னு நான் போவல மேடம். மன்னிச்சுட்டா நான் மறந்துடுவேன்."

நான் கம்பி வைத்திருந்தவரைப் பார்த்தேன் என்று அவரிடம் ஒப்புக்கொள்ள எனக்கு ஒன்றரை வருடம் பிடித்தது. கிடங்கில், வாராந்தரப் புட்டியை அவர் நீட்டிய நேரம் அது. சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல் நின்றேன். திட்டுவார், அல்லது பரவாயில்லை என்பார் என்று எதிர்பார்த்தேன்.

"எனுக்கும் தெரியும், யாருன்னு" என்றார். "கம்பிய ஓங்கறப்போ அவன் கால் செருப்பப் பாத்தேன். தினமும் கிடங்குக்கு வந்து கையுற வாங்கினு போறான். நானும் குடுத்துக்கினு கீறேன்."

"நான் என்ன செய்யட்டும் அண்ணா?"

"அத்த என்னாண்ட கேக்காதீங்க. நீங்க பாத்தது உங்களுது."

அவ்வளவுதான். புட்டியை என் கையில் வைத்தார். நான் அன்றும் எங்கும் போகவில்லை.

அடக்கம் அன்று மாலை நான்கு மணிக்கு. தேவாலயத்திலிருந்து கல்லறைத் தோட்டம்வரை நம் ஆலைக்காரர்கள்தான் பெட்டியைத் தோளில் சுமந்தார்கள். முன்வரிசையில் வலது பக்கம் தோள் கொடுத்தவர் அந்தக் கம்பியைப் பிடித்திருந்தவர். வழியெல்லாம் அழுதார். அந்த அழுகை நடிப்பு என்று நான் சொல்ல மாட்டேன். மண் போடும்போது அவரை இரண்டு பேர் தாங்கிப் பிடித்தார்கள். தலையில் பட்ட பழைய காயத்தால் வந்த வலிப்புதான் உயிரை எடுத்தது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த காகிதம் என் கைப்பையில் இருந்தது. ஸ்டெல்லா பத்திரமாக வைக்கச் சொல்லிக் கொடுத்தது. மூன்று வருடம் கழித்து விழுந்து முடிந்த அடி அது.

திலீப் வரவில்லை. மறுநாள் அவன் வேலை பார்க்கும் ஆலையின் வாசலில் பார்த்துச் செய்தி சொன்னேன். தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். கேட்கும் காதை என் பக்கம் திருப்பிக் கேட்டான். பிறகு நிதானமாகச் சொன்னான்.

"மேடம், முதல்ல அடிச்சது அவர். மேல படுத்துக் காப்பாத்தினது அவர். ரெண்டும் ஒரே ஆள். நான் எந்த ஆளுக்குப் போகணும்? தெரியல. அதனால போகல."

அதைவிட நேர்மையான இரங்கலை நான் கேட்டதில்லை.

மீன் இப்போது பொன்னேரியில் என் வீட்டில் இருக்கிறது. ஸ்டெல்லாதான் எடுத்துப் போகச் சொன்னாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவர் தரையில் விழுந்து துடித்தது கண்ணில் வருகிறதாம். வாளியில் வைத்து, வலை கட்டி, ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். இரண்டு நாள் பாறை இடுக்கில் ஒளிந்திருந்தது. மூன்றாம் நாள் உச்சிக்கு ஏறி உட்கார்ந்தது. உப்பு சரியாக இருக்கிறது. அதனோடு வேறு எதையும் விடப் போவதில்லை.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது மீனை மட்டும் என்றால் இதை எழுதத் தேவையில்லை. இந்த இதழ் உங்கள் கைக்கு வருவதற்கு முன்பே, நேற்றுக் காலை, விடுப்பு எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பார்த்ததை மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தேன். மருத்துவர் காகிதத்தையும் வைத்தேன். கம்பி பிடித்தவர் பெயரை இந்த இதழில் எழுதவில்லை, அங்கே எழுதியிருக்கிறேன். அவருக்கு முன்னால், முதல் வரியில், என் பெயரை எழுதினேன். எல்லாவற்றையும் பார்த்தவள், கேட்டபோது தெரியாது என்று பொய் சொன்னவள் என்று.